டிரைவர் இல்லாத வண்டி!



கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கிறோம் என்று சொன்னால் போதும், ஊரில் முதலில் வரும் கேள்வி, "ஓ.எஸ். போடத் தெரியுமாப்பா?" என்பதுதான். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு என்றாலும் விடமாட்டார்கள். ஏன், மெக்கானிக்கல் நண்பர்களைக் கூட சில வீடுகளில் கேட்கிறார்கள். நாமும் பெருமையாகத் தலையாட்டி விட்டு பென் டிரைவைத் தூக்கிக் கொண்டு கிளம்புகிறோம். போய் உட்கார்ந்து பாதி வேலை ஆனதும் திரையில் வருகிறது பாருங்கள் ஒரு வாசகம்.... "டிரைவர் இல்லை!" அவ்வளவுதான், அதுவரை இருந்த கம்பீரம் எல்லாம் காற்றில் போய் விடுகிறது.

இந்த ஒரு வரியைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வது மூன்றே காரியம். ஒன்று, அதே வேலையை மறுபடி முதலில் இருந்து செய்வது. இரண்டு, வேறொரு நண்பனின் பென் டிரைவை இரவல் வாங்கி வந்து போட்டுப் பார்ப்பது. மூன்று, "மதர்போர்டு போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதி விடுவது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், அந்தக் கதைதான்! முதல் இரண்டால் நேரம்தான் வீண். மூன்றாவதால் ஒரு ஏழைக் குடும்பத்தின் பணம் வீண்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். டிரைவர் கோளாறைப் படித்து, காரணத்தைப் பிடித்து, சரி செய்யும் திறமைதான் டிப்ளமோ படித்தவனை, 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்' என்று அமுக்கத் தெரிந்தவனிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. அந்தத் திறமைக்கு நம் லேபில் இடமில்லை. அந்த இடத்தை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

யார் இந்த டிரைவர்?

நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த தொழிலாளர்கள் ஒரு பக்கம். தமிழ் மட்டுமே தெரிந்த சூப்பர்வைசர் ஒரு பக்கம். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு மேஸ்திரி இருந்தால் வேலை ஓடும். அவர் லீவு போட்டால் ஆளும் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது, வேலை மட்டும் நடக்காது. கணிப்பொறியில் அந்த மேஸ்திரிக்குப் பெயர்தான் டிரைவர். ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்வதை டிஸ்க், நெட்வொர்க் கார்டு, யு.எஸ்.பி. போர்ட் போன்ற உறுப்புகளுக்குப் புரிய வைக்கும் சிறிய மென்பொருள். ஆக, "டிரைவர் இல்லை" என்றால் உறுப்பு செத்துப் போச்சு என்று அர்த்தமில்லை. உறுப்பு உயிரோடுதான் இருக்கிறது, அதோடு பேச ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

"பென் டிரைவில் இருந்துதானே இன்ஸ்டால் ஆரம்பிச்சுது? ஆரம்பிச்ச பிறகு அதே பென் டிரைவைக் காணோம்னா எப்படி?" என்று ஒரு ஜூனியர் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. கணிப்பொறியை ஆன் செய்ததும் முதலில் வேலை செய்வது பயாஸ். பென் டிரைவைப் படித்து இன்ஸ்டால் புரோகிராமை மெமரியில் ஏற்றி விடுவது அதுதான். ஏறி உட்கார்ந்ததும் இன்ஸ்டால் புரோகிராம் பயாஸை ஒதுக்கி விட்டு, தன்னிடம் உள்ள சொந்த டிரைவரை வைத்து எல்லா உறுப்புகளையும் புதிதாகக் கூப்பிடுகிறது. யு.எஸ்.பி.க்கு உரிய டிரைவர் அதனிடம் இல்லையென்றால், தான் வந்து இறங்கிய பென் டிரைவே அதற்குத் தெரியாமல் போகிறது!

விண்டோஸ் செவனில் இது ஊரறிந்த கதை. யு.எஸ்.பி. 3.0 விதிமுறை வெளியானது 2008 நவம்பரில். விண்டோஸ் செவன் வந்தது 2009 அக்டோபரில். அந்த டிஸ்கில் யு.எஸ்.பி. 3.0-க்கு டிரைவர் கிடையாது. விண்டோஸ் 8-ல்தான், 2012-ல், உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அதனால் நீல நிற போர்ட்டில் செருகினால் திணறும். கறுப்பு நிற 2.0 போர்ட்டில் செருகினால் பல பழைய கணிப்பொறிகளில் வேலை முடிந்தது. ஆனால் 2015-ல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை போர்டுகளில் இருந்து கறுப்பு போர்ட்டும் உள்ளே புதிய கன்ட்ரோலரில்தான் சேர்கிறது. அங்கே போர்ட்டை மாற்றி மாற்றிச் செருகி பயனில்லை. 'டிஸ்ம்' என்ற கட்டளையால் டிரைவரை இன்ஸ்டால் டிஸ்குக்குள்ளேயே சேர்க்க வேண்டும். 'பூட்.விம்', 'இன்ஸ்டால்.விம்' என்ற இரண்டு கோப்பிலும் சேர்க்க வேண்டும். முதலாவதில் மட்டும் சேர்த்தால் இன்ஸ்டால் முடியும், முடிந்த பிறகு மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடக்கும்!

செவனுக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தி விட்டது. வீட்டுக் கணிப்பொறிக்கு அதைப் போடவே கூடாது. ஆனாலும் பழைய மெஷினின் சாஃப்ட்வேர் செவனில்தான் ஓடும் என்கிற தொழிற்கூடங்கள் இருக்கும் வரை இந்த வேலை நம்மைத் தேடி வரும்.

செய்தியை அப்படியே நம்பாதே!

அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "தேவையான சிடி/டிவிடி டிரைவ் டிரைவர் காணவில்லை" என்று இருக்கும். அந்தக் கணிப்பொறியில் சிடி டிரைவே இருக்காது! பல நண்பர்கள் சிடி டிரைவருக்காக இண்டர்நெட் முழுக்க அலைவார்கள். கிடைக்காது, ஏனென்றால் தேவைப்படுவது அதுவே அல்ல. இன்ஸ்டால் புரோகிராமுக்குத் தன் கோப்புகள் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை, அதைத்தான் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறது.

இன்னொன்று. டிரைவர் எல்லாம் சரியாக இருந்து, டவுன்லோட் செய்த கோப்பு பாதியில் கெட்டிருந்தாலும், டிவிடி சரியாக எழுதப்படாமல் இருந்தாலும், இதே வாசகம்தான் வரும். ஆகவே முதல் சோதனை கோப்பில் இருந்து தொடங்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள 'செர்ட்யூட்டில்' கட்டளையால் எஸ்.ஹெச்.ஏ. 256 எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார். சில நிமிட வேலை. ஒத்துப் போகவில்லை என்றால் டிரைவரைத் தேடுவதே வீண். காய்ச்சல் என்றதும் ஊசி போடாமல் காரணம் தேடுகிறவர்தானே நல்ல டாக்டர்?

நாலாயிரம் ரூபாய் தீர்ப்பு

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, காலேஜ் சேர்ந்த மகளுக்கு லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். விண்டோஸ் கெட்டுப் போனது. ஒரு கடையில் கொடுத்தார்கள். "டிஸ்க் போயிடுச்சும்மா, புதுசு போட நாலாயிரம் ஆகும்" என்றார்களாம். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் எதுவும் காட்டவில்லை, அதுதான் அவர்களுக்கு ஆதாரம்.

"தம்பி, நீ ஒரு தபா பாரேன்" என்று அந்த அக்கா கேட்டார். பயாஸில் போய்ப் பார்த்தேன். டிஸ்க் தன் பெயர், கொள்ளளவோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பயாஸில் தெரிகிற டிஸ்க் இன்ஸ்டால் புரோகிராமில் தெரியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டிரைவரைத்தான். 2020-ல் வந்த இன்டெல் பதினோராம் தலைமுறை லேப்டாப்களில் இருந்து இது அடிக்கடி நடக்கிறது. வி.எம்.டி. என்ற ஒரு கன்ட்ரோலருக்குப் பின்னால் எஸ்.எஸ்.டி.யை வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் டிஸ்கில் அதற்கு டிரைவர் இல்லாவிட்டால் "டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை" என்று வரும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, பிரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்து, "லோடு டிரைவர்" என்ற பட்டனை அமுக்கி வழி காட்டினோம். டிஸ்க் வந்து விட்டது. செலவு ஒரு டீ!

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்து விட்டாலும் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் லேப்டாப்பில் விளையாட்டாக அதை மாற்றினால் அது கிளம்பவே கிளம்பாது. ஜாக்கிரதை.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி சம்பந்தமும் உண்டு. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி இந்த மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அப்புறம் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த லேப்டாப் கோளாறாகிற அன்று, "டிஸ்க் போச்சு" என்று தீர்ப்பு எழுதுகிறவன் கையில் போய் விழுமா, உண்மையைப் பார்க்கத் தெரிந்தவன் கையில் விழுமா? அதற்குப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது.

எடை மேடையில் நின்ற லாரிகள்

"இதெல்லாம் வீட்டு லேப்டாப் சமாச்சாரம், கம்பெனியில இதுக்கு ஐ.டி. ஆளு இருப்பாங்க" என்று நினைக்க வேண்டாம். இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காக சிப்காட்டில் ஒரு இரும்பு யூனிட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எடை மேடையின் பழைய எக்ஸ்.பி. கணிப்பொறி படுத்து விட்டது. புதிய கணிப்பொறி வாங்கி விண்டோஸ் 10 போட்டார்கள். எடை காட்டும் கருவியில் இருந்து வரும் ஒயர் பழைய ஆர்.எஸ். 232 சீரியல். புதிய கணிப்பொறியில் சீரியல் போர்ட் ஏது? யு.எஸ்.பி. கன்வர்ட்டர் ஒன்றைச் செருகினார்கள். மஞ்சள் முக்கோணம் வந்தது. எடை வரவில்லை.

கேட்டில் லாரிகள் வரிசையாக நின்று விட்டன. லோடு கணக்கில் கூலி வாங்குகிற தொழிலாளர்கள் நிழலில் உட்கார்ந்து விட்டார்கள். அவர்களுக்கு லாரி உள்ளே வந்தால்தான் காசு. சென்னையில் இருந்து இன்ஜினியர் வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். அங்கே மெயின்டனன்ஸில் இருந்த டிப்ளமோ படித்த அண்ணன் ஒருவர், டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்த மஞ்சள் முக்கோணத்தின் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து படித்தார். 'கோட் 10' என்று இருந்தது. கோட் 28 என்றால் டிரைவரே போடப்படவில்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, உறுப்பைக் கிளப்ப முடியவில்லை. அந்தக் கன்வர்ட்டரில் இருந்தது புரோலிஃபிக் கம்பெனியின் பி.எல். 2303 வகையில் பழைய சிப். 2012-லேயே அந்தச் சிப்பை கம்பெனி நிறுத்தி விட்டது. புதிய டிரைவர் பழைய சிப்பையும், அதைப் போல் செய்த போலியையும் ஏற்றுக் கொள்வதில்லை. அண்ணன் பழைய பதிப்பு டிரைவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எடை வந்து விட்டது! கையோடு ஒரு நல்ல கன்வர்ட்டர் வாங்கி வைக்கும்படியும் எழுதிக் கொடுத்தார்.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "அதுவே தான் யாருன்னு சொல்லுது தம்பி. நாமதான் படிக்கறதில்ல" என்றார்.

உண்மைதான் நண்பர்களே. ஒவ்வொரு உறுப்பும் தன் அடையாள எண்ணைத் தானே சொல்லும். டிவைஸ் மேனேஜரில் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்', 'ஹார்டுவேர் ஐடி' என்று போனால் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் செய்த கம்பெனி, இரண்டாம் எண் மாடல். இன்டெல்லுக்கு எண் 8086! ஆமாம், மைக்ரோபிராசஸர் பாடத்தில் நாம் உருப்போடுகிறோமே, 1978-ல் வந்த அதே 8086-தான். ரியல்டெக்குக்கு 10இசி. ரிச்சி தெருவில் புராஜெக்டுக்காக மலிவாக வாங்குகிறோமே ஆர்டுயினோ போர்டு, அதில் பலவற்றில் 1ஏ86 என்று இருக்கும். அது சி.ஹெச். 340 சிப், அதற்குத் தனி டிரைவர். இந்த எண்ணை வைத்துக் கொண்டு, செய்த கம்பெனியின் தளத்துக்கோ லேப்டாப் கம்பெனியின் தளத்துக்கோ போனால் சரியான டிரைவர் கிடைக்கும். 32 பிட்டா, 64 பிட்டா என்பதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.

நெட் கார்டுக்கே டிரைவர் இல்லை, டவுன்லோட் எப்படி என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு போனை ஒயரில் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் கைகொடுக்கும். இன்ஸ்டால் செய்ய உட்காரும் முன்பே நெட்வொர்க் டிரைவரை பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது?

"எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எல்லா டிரைவரும் அடங்கிய பேக் ஒண்ணு கிடைக்குது, ஒரே கிளிக்குல முடிஞ்சுது" என்பார்கள் சில நண்பர்கள். இங்கேதான் எனக்கு மாறுபட்ட கருத்து. டிரைவரில் பெரும்பகுதி ஓடுவது கெர்னலில், அதாவது கணிப்பொறியின் கர்ப்பக்கிருகத்தில். அங்கே நுழைந்தவனைத் தடுக்க ஆள் கிடையாது. 2024 ஜூலை 19-ஆம் தேதி என்ன நடந்தது? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் கெர்னல் டிரைவருக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் படுத்து விட்டன என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம்பிக்கையான கம்பெனியின் டிரைவரே இத்தனை செய்யுமென்றால், யாரோ ஊர் பேர் தெரியாதவன் கட்டிக் கொடுத்த பேக்கை நம்பி பிறர் வீட்டுக் கணிப்பொறியில் போடுவது நியாயமா? பிறர் வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பது போலத்தான்.

டிரைவரை மூடி வைத்துக் கொள்ளும் கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தப் பார்த்தார். மூலநிரல் தர முடியாது என்று மறுத்து விட்டார்கள். அந்த ஆத்திரமும் ஒரு காரணமாகத்தான் 1983-ல் குனு திட்டம் பிறந்தது. இன்று லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருவதால், பல கணிப்பொறிகளில் தனி டிஸ்கே தேவைப்படுவதில்லை. வைஃபை ஃபர்ம்வேர்தான் சில இடத்தில் தகராறு செய்யும். அதையும் இன்ஸ்டால் டிஸ்கில் சேர்க்கலாம் என்று டெபியன் குழுவினர் 2022-ல் ஓட்டெடுத்து முடிவு செய்து, 2023-ல் வந்த டெபியன் 12-ல் சேர்த்து விட்டார்கள். விண்டோஸ் திணறுகிற கணிப்பொறியில் ஒரு லினக்ஸ் பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள். உறுப்பு உயிரோடு இருக்கிறதா என்பது பல சமயம் அதிலேயே தெரிந்து விடும்.

லேபில் என்ன வேண்டும்?

நம் லேபில் ஓ.எஸ். இன்ஸ்டலேஷன் ஒரு பயிற்சி. ரெக்கார்டில் படம் ஒட்டுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் லேபில் இருப்பதெல்லாம் ஒரே மாடல், எல்லாவற்றுக்கும் டிரைவர் ஏற்கெனவே பொருந்திய டிஸ்க். கோளாறே வராது. கோளாறு வராத இடத்தில் கோளாறு பார்ப்பது எப்படி என்று யார் கற்க முடியும்? குளத்தில் இறங்காமல் நீச்சலா?

இதற்கு நம் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு சிலபஸ் முடிய வேண்டும், இருக்கிற மெஷினைக் காப்பாற்ற வேண்டும். "யூடியூப்ல பார்த்தா தெரியுது" என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வீடியோ எடுத்தவனின் மாடல் வேறு, உன் முன்னால் இருக்கும் மாடல் வேறு. அடையாள எண்ணைப் படிக்கத் தெரிந்தால்தான் எந்த வீடியோ உனக்கு உதவும் என்பதே புரியும். "விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்டுக் கொள்ளும்" என்பதும் பாதி உண்மைதான். டிஸ்க்கும் நெட்டும் கிடைத்த பிறகுதானே அப்டேட்!

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, கழித்துக் கட்டிய நான்கைந்து பழைய கணிப்பொறிகளை, வேறு வேறு மாடலாக, டிரைவர் இல்லாமல் நம்மிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். அவற்றைக் கிளப்புவதே பயிற்சி. இரண்டாவது, லேபில் ஒரு டிரைவர் பதிவேடு வைப்போம். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் மாடல், அடையாள எண், டிரைவர் எங்கே எடுத்தது, எந்தத் தேதி என்று ஒரு பக்கம். அடுத்த வருடம் வரும் ஜூனியர் அதில் இருந்து தொடங்கட்டும். மூன்றாவது, கும்மிடிப்பூண்டிக்கும் காக்களூருக்கும் பயிற்சிக்குப் போகும் நண்பர்கள், மெஷினோடு வந்த டிரைவர் சிடி எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். பேக்கிங் அட்டையோடு குப்பைக்குப் போவதற்குள் அனுமதி வாங்கி ஒரு நகல் எடுத்து அவர்கள் ஸ்டோர்ஸிலேயே வைக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அது ஒரு ஷிப்டைக் காப்பாற்றும்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் மெயின்டனன்ஸில்தான் வேலைக்குச் சேரப் போகிறோம். மெஷின் நின்றால் நம் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அன்று நம் வாயில் இருந்து வரும் ஒரு வார்த்தைக்கு யாரோ ஒருவருடைய அன்றாடக் கூலி விலையாக இருக்கும். "போயிடுச்சு" என்று சொல்லும் முன் திரையில் இருப்பதை முழுதாக ஒரு முறை படிப்போம். கோப்பு சரியா, பயாஸில் உறுப்பு தெரிகிறதா, அடையாள எண் என்ன என்று வரிசையாகப் பார்ப்போம். பார்த்த பிறகும் போயிருந்தால் தைரியமாகச் சொல்வோம், போயிடுச்சு என்று. அந்தச் சொல்லுக்கு அன்று மதிப்பு இருக்கும்.

பழைய கணிப்பொறி கேட்டு விண்ணப்பம் எழுதுவோமா? முதல் கையெழுத்து என்னுடையது!